கேட்டில் ஏல அறிவிப்பு: உடனே காலி செய்ய வேண்டுமா?

வணக்கம் சகோதரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நீங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டின் கேட்டில் ஏல அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள், வீட்டுக்காரர் போனை எடுப்பதில்லை, நாளைக்கே வெளியேற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். வாடகைக் காலம் முடிந்தே போனாலும், கோர்ட் வழியாக அல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக்கூடாது என்கிறது மலேசியாவின் 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act), பிரிவு 7(2). பூட்டை மாற்றுவேன் என்று யாராவது மிரட்டினால் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்.

அதற்காக நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் குடிவருவதற்கு முன்பே வீடு வங்கியில் அடமானமாகி, வாடகைக்கு வங்கி எழுத்தில் சம்மதிக்காமல் இருந்தால், ஏலத்தில் எடுப்பவரை உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. பெரும்பாலும் கதை இதுதான். இப்போதே வேறு வீடு பாருங்கள். ஆனால் ஏலத்தில் எடுத்த புதியவர் வந்ததும் பேசிப் பாருங்கள். ஆளைக் கிளப்ப வழக்குப் போடுவது அவருக்கும் செலவு. சிலர் வாடகைக்கே விட்டுவிடுவார்கள்.

அதுவரை வாடகையை நிறுத்தாதீர்கள். ஆனால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் டெபாசிட். உண்மையான தலைவலி இதுதான். பணம் வாங்கியவர் வீட்டுக்காரர், அதை வங்கியிடம் கேட்க முடியாது. "கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாமா?" என்று இன்றே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். சம்மதித்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இழுத்தடித்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 ரிங்கிட் வரை, வக்கீல் தேவையில்லை. வழக்குக்குப் போகுமுன், வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை (ஒப்பந்தப் பத்திரத்துக்கு அரசுக்குக் கட்டும் வரி) கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.