கடற்கரையோடு நிற்காத சண்டை

கேள்வி: உள்நாட்டில் எப்படி அடித்துக்கொண்டாலும், வெளிநாட்டு விவகாரம் என்று வந்துவிட்டால் அமெரிக்கர்கள் கட்சி பேதம் பார்க்காமல் ஒன்றாக நிற்பார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேச்சாளர் பெருமையாகச் சொன்னார். அப்படியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பேச்சாளரின் கடிகாரம் 1947-இலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. அப்போது செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் ஆர்தர் வாண்டன்பர்க், குடியரசுக் கட்சிக்காரர். அரசியல் சண்டை கடற்கரையோடு நின்றுவிட வேண்டும் என்ற பேச்சு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பேச்சோடு விடவில்லை. போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த நிதி தரும் மார்ஷல் திட்டம், எதிர்க்கட்சி அதிபர் ட்ரூமனுடையது. அது நிறைவேறத் தோள் கொடுத்தார்.

அந்த ஒற்றுமையை நினைத்து ரொம்பவும் உருகிவிடாதீர்கள். வியட்நாமில் படையை இறக்க ஜான்சனுக்கு வழிவிட்ட 1964 தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். அப்புறம் நடந்தது ஊரறிந்தது.

சரி, இப்போது என்ன நிலை? 2013-இல் சிரியாவில் ரசாயன ஆயுதம் வீசப்பட்டது. பதிலுக்கு ஏவுகணை வீசலாம் என்றார் ஒபாமா. வாஷிங்டன் போஸ்ட் - ஏபிசி கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சியினரில் அதை ஆதரித்தவர்கள் 22 சதவீதம். 2017-இல் அதே சிரிய அதிபர் அசாத், அதே குற்றச்சாட்டு. இந்த முறை ஏவுகணை வீசியவர் ட்ரம்ப். ஆதரவு 86 சதவீதம்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இதே கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவு 38, பிறகு 37. பரவாயில்லையே, அதிபர் மாறியும் இவர்கள் மாறவில்லை என்று பாராட்டலாம்தான். அதற்குள் ரஷ்யா குறுக்கே வருகிறது. ரஷ்யாதான் அமெரிக்காவின் முதல் எதிரி என்று 2012-இல் சொன்ன குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் மிட் ராம்னியை, '1980-களின் வெளியுறவுக் கொள்கையா?' என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒபாமா கேலி செய்தார். கட்சிக்காரர்கள் ரசித்தார்கள். 2016 தேர்தலில் ரஷ்யா தலையிட்டது என்றதும், அதே கட்சிக்காரர்களுக்கு ராம்னி சொன்னது வேதவாக்காகிவிட்டது. சோவியத்தை எதிர்த்துப் பேர் வாங்கிய ரீகனின் குடியரசுக் கட்சியோ எதிர்த்திசையில் நடந்தது. 2024 ஏப்ரலில் உக்ரைன் நிதியுதவி மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, குடியரசுக் கட்சியில் ஆதரவு 101 பேர், எதிர்ப்பு 112 பேர்.

மக்களை மட்டும் திட்டிப் பயனில்லை. வேலைக்கும் வீட்டுக் கடனுக்கும் நடுவில் அல்லாடுகிறவருக்கு சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸ் எங்கே தெரியப்போகிறது? நம் ஆள் என்ன சொல்கிறார் என்று பார்த்துத் தலையாட்டுகிறார். விலை கொடுப்பது மற்ற நாடுகள். செனட்டில் உடன்படிக்கை நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இவ்வளவு பிளவில் அது கிடைக்காது. ஆகவே அதிபர்கள் தங்கள் அதிகாரத்திலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்து வருபவர் தன் அதிகாரத்திலேயே கிழித்துப் போடுகிறார். ஈரான் அணு ஒப்பந்தம் 2015-இல் வந்தது, 2018-இல் அமெரிக்கா விலகியது. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் 2016-இல் சேர்ந்து, 2020-இல் விலகி, 2021-இல் மீண்டும் சேர்ந்து, 2025-இல் மறுபடியும் விலக உத்தரவு. பேருந்தில் இருக்கையைப் பிடித்துவிட்டு இறங்கி ஏறுகிறவர்கள்கூட இத்தனை முறை செய்ய மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் தொண்டர்கள் தலைவருக்குக் காத்திருக்கவில்லை. காஸா போருக்கு முன்பே, 2023 தொடக்கத்தில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரில் 49 சதவீதம் பேரின் அனுதாபம் பாலஸ்தீனர்கள் பக்கம், 38 சதவீதம் இஸ்ரேலியர்கள் பக்கம். பைடன் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2024 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பைடன் பெயர் சீட்டில் இருந்தும், யாருக்கும் இல்லை என்று குறித்துவிட்டுப் போனார்கள். வாண்டன்பர்க்கின் சொந்த மாநிலமும் அதுதான்.