திராட்சைக் கொடியில் கவாத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பந்தல் முழுவதும் இலை மூடியிருக்கிறது. குலை ஒன்றுகூடத் தென்படவில்லை. வெட்டினால் கொடி பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் இதுவரை கவாத்து செய்ததில்லை. உரம் போதவில்லையா?

உரம் போதாத கொடி இப்படிப் பந்தலை மூடாது. தழைச்சத்தை இனிமேல் கூட்டினால் இலை இன்னும் பெருகுமே தவிரக் குலை வராது. குறை கவாத்தில்தான் இருக்கிறது.

திராட்சை, முதிர்ந்த தண்டில் நேரடியாகக் காய்ப்பதில்லை. சென்ற பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளையின் மொட்டுகளிலிருந்து இந்தப் பருவத்தில் புறப்படும் தளிர்களில்தான் குலை பிடிக்கும். அந்தக் குலைக்கான கரு, மொட்டு விரிவதற்கு ஒரு பருவம் முன்பே அதனுள் உருவாகிவிடுகிறது. அப்போது போதிய வெயில் படாமல் நிழலில் இருந்த மொட்டில் அதே கரு வெறும் பற்றுக்கம்பியாகிவிடும். பாதி பற்றுக்கம்பியாகச் சுருண்டு, பாதியில் நாலைந்து மணிகளைத் தாங்கி நிற்கும் காம்பு சில கொடிகளில் தென்படுவது இதனால்தான். உங்கள் பந்தலில் ஐந்து ஆண்டு வளர்ச்சி ஒன்றின்மேல் ஒன்றாகப் படர்ந்து, காய்க்க வேண்டிய மொட்டுகளை இருட்டில் வைத்திருக்கிறது.

கத்தரியை எடுக்கும் முன் கிளைகளின் வயதைப் பிரித்தறியப் பழகுங்கள். பட்டை நார் நாராக உரிந்து தொங்கினால் அது பழைய தண்டு. வழவழப்பாக, இளம்பழுப்பு நிறத்தில், பென்சில் பருமனில் இருப்பதே நாம் தேடும் ஓராண்டுக் கிளை. நேராக மேலேறும் ஒரு தண்டையும், பந்தலின்மேல் அதிலிருந்து பிரியும் இரண்டு முதல் நான்கு கைகளையும் நிரந்தரச் சட்டமாக வைத்துக்கொண்டு, அந்தக் கைகளில் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக நல்ல ஓராண்டுக் கிளைகளைத் தேர்ந்து, அவற்றையும் சில மொட்டுகள் அளவுக்குக் குறுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் நீக்கிவிடுங்கள். சென்ற பருவ வளர்ச்சியில் 80 முதல் 90 விழுக்காடு வரை தரைக்கு வந்துவிடும். வெட்டி முடித்ததும் பந்தலைப் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும், பதற வேண்டாம்.

காலம் முக்கியம். குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் கொடியை, குளிர் முடியும் தறுவாயில், மொட்டுகள் பருக்கத் தொடங்கும் முன் வெட்ட வேண்டும். கொடி தானாக உறங்காத வெப்பப் பகுதிகளில் கவாத்துதான் மொட்டுகளை எழுப்புகிறது. அங்கே பல இடங்களில் ஆண்டுக்கு இருமுறை கவாத்து உண்டு: அறுவடைக்குப் பின் புதுக்கிளை எடுப்பதற்காக ஒன்று, அக்கிளைகள் முற்றியபின் ஐந்தாறு மாதம் கழித்துக் காய்ப்புக்காக மற்றொன்று.

ஒருவர் இரண்டு மொட்டு விடச் சொல்கிறார், இன்னொருவர் பத்து என்கிறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அது இரகத்தைப் பொறுத்தது. சில இரகங்களில் கிளையின் அடிமொட்டுகளே காய்க்கும் திறன் பெற்றவை என்பதால் இரண்டு, மூன்று மொட்டு விட்டுக் குறுக வெட்டினால் போதும். தாம்சன் சீட்லெஸ் போன்ற விதையில்லா இரகத்தில் அடிமொட்டுகள் பெரும்பாலும் இலையை மட்டுமே தரும். அதைக் குறுக வெட்டுவது குலைகளையே வெட்டி எறிவதற்குச் சமம். இரகம் தெரியாவிட்டால் இந்த முறை சில கிளைகளில் மூன்று மொட்டும் சிலவற்றில் பத்து மொட்டும் விட்டு, குலை எத்தனையாவது கணுவின் தளிரில் வருகிறது என்று குறித்துவையுங்கள். யாருடைய ஆலோசனையையும்விட அந்தக் குறிப்பு நம்பகமானது. எத்தனை மொட்டு விட்டாலும், கடைசி மொட்டை ஒட்டி வெட்டாமல் இரண்டு செ.மீ. மேலே வெட்டுங்கள், வெட்டுவாய் உள்நோக்கிக் காயும்போது மொட்டும் சேர்ந்து காயாமல் இருக்கும்.

வெட்டிய இடத்திலிருந்து நாள் கணக்கில் நீர் சொட்டுகிறது. மெழுகு பூசலாமா?

வேண்டாம். வேர் விழித்துக்கொண்டு நீரை மேலே தள்ளுகிறது. இலை விரிந்ததும் தானாக நின்றுவிடும், கொடிக்குக் கேடில்லை.

இலையின் மேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டுகள், அடியில் வெண்மையான பூசணம். கந்தகத் தூள் தெளித்தும் பயனில்லை.

நீங்கள் விவரிப்பது அடிச்சாம்பல் நோய். கந்தகம் சாம்பல் நோய்க்கு மருந்து; இலையின் மேற்பரப்பிலும் பிஞ்சிலும் மாவு தூவியதுபோல் படர்வது அந்த நோய். அடிச்சாம்பல் ஈர இலையில் பரவுவது. அதற்குத் தாமிர மருந்து வேண்டும்.

ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) பத்து கிராம் நீர்த்த சுண்ணாம்பும் என்ற கணக்கில், பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்துச் சேர்த்தால் ஒரு விழுக்காடு போர்டோ கலவை கிடைக்கும். துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் நனைத்துப் பாருங்கள். செம்பழுப்புப் படிவு ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் பூசி வந்த கலவைதான் இது. பூசிய கொடிகளில் நோய் இல்லாததைக் கவனித்த தாவரவியலாளர் மிலார்தே, 1885-இல் அதை மருந்தாக அறிவித்தார்.

மருந்து பாதி வேலைதான் செய்யும். குலைகளைச் சுற்றியுள்ள சில இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தாருங்கள். தண்ணீரை இலையில் படாமல் வேரில் விடுங்கள்.

ஒட்டுக்கட்டிய கன்றின் அடியிலிருந்து வேறு வடிவ இலையுடன் ஒரு கிளை வேகமாக வளர்கிறது. விடலாமா?

ஒட்டுக்குக் கீழிருந்து வருவது வேர்ச்செடியின் கிளை. வேரைத் தாக்கும் பைலாக்சரா பூச்சி முதலியவற்றைத் தாங்குவதற்காக வைக்கப்பட்ட அச்செடி, உங்களுக்கு வேண்டிய பழத்தைத் தராது. விட்டுவைத்தால் மேல்செடியை நலியச் செய்துவிடும். பிறந்த இடத்தோடு கிள்ளிவிடுங்கள்.

நிறம் வந்ததும் பறித்துவிட்டோம், பழம் புளிக்கிறது. வைத்திருந்தால் இனிக்குமா?

இனிக்காது. மாம்பழத்தைப்போல் பறித்தபின் பழுக்கும் இயல்பு திராட்சைக்கு இல்லை. கறுப்பு இரகங்களில் இனிப்பு ஏறுவதற்கு வெகுநாள் முன்பே நிறம் ஏறிவிடும். குலையின் நுனி மணிகள் பெரும்பாலும் கடைசியில் பழுப்பவை என்பதால் அங்கிருந்து ஒன்றைப் பறித்துச் சுவைத்துப் பார்த்து, அது இனித்தால் மட்டும் அறுங்கள். பறவைத் தொல்லை இருந்தால் அதுவரை குலைக்கு வலையோ துணிப்பையோ கட்டிவையுங்கள்.