மஸ்டாங் ஜிடி, கமாரோ எஸ்எஸ்: சோதனை நேரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றனவே, எதை நம்புவது?

இந்தக் கார்கள் எவ்வளவு விரைவாக ஓடுகின்றன என்று வெவ்வேறு இடங்களில் எடுத்த இரண்டு சோதனைகளின் எண்களை அருகருகே வைத்துப் பார்த்துத்தான் நீங்கள் குழம்பியிருக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே கார்ப் பந்தய ஓடுதளத்தில் எடுக்காத நேரங்களைக் கொண்டு இந்த இரண்டு கார்களுக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என்னுடையது 2018 மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8, 460 குதிரைத்திறன், கையால் கியர் மாற்றும் வகை. அலுவலக நண்பருடையது தானியங்கி கியர் கொண்ட கமாரோ எஸ்எஸ், 6.2 லிட்டர், 455 குதிரைத்திறன். 2019 கோடையில் ஒரு மாலை, டென்வரை அடுத்த பாண்டிமியர் ஓடுதளத்தில் இரண்டையும் கால் மைல் ஓட்டினோம். முதல் ஓட்டத்தில் எனக்கு 13.9 நொடி, அவருக்கு 13.4. ஓட்டம் முடிந்ததும் கொடுத்த என் நேரச்சீட்டில் மொத்த நேரம் அச்சாகியிருந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து, எங்கள் நண்பர் குழுவில் ஒருவர் பகிர்ந்துவிட்டார். மஸ்டாங் என்றாலே வெறும் சத்தம்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

அவர்கள் பார்க்காத மற்ற வரிகளில்தான் விஷயமே இருந்தது. முதல் 60 அடியைக் கடக்க எனக்கு 2.35 நொடியும் அவருக்கு 2.05 நொடியும் ஆகியிருந்தன. எல்லைக்கோட்டில் இருவரின் வேகமும் மணிக்கு 107 மைல்; அதாவது எஞ்சின் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இருக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டதால் பின்சக்கரங்கள் புகை கக்கியபடி நின்ற இடத்திலேயே சுழன்றன. நான் தோற்றது அங்கேதான். மூன்றாவது ஓட்டத்தில் 2,000 சுற்றில் நிதானமாக விட்டபோது 60 அடி 2.1 நொடிக்கும், மொத்த நேரம் 13.5 நொடிக்கும் இறங்கின. சொந்தக் காருக்காகச் சாக்குச் சொல்கிறேன் என்று யாரேனும் எழுதக்கூடும். அன்று மூன்று ஓட்டங்களிலும் கமாரோதான் முந்தியது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

2023இல் மூடப்பட்ட அந்த ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரத்தில் இருந்தது. காற்றின் அடர்த்தி அங்கே குறைவு என்பதால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின்கள் திணறும். சமவெளியில் 12 நொடிச் சொச்சத்தில் ஓடக்கூடிய இவ்விரண்டும் 13 நொடிச் சொச்சத்துக்குப் போனது அதனால்தான்.

மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்க வாகன இதழ்கள் பலவும் கார் நகரும் முதல் ஓரடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலேயே ஏறத்தாழ 0.3 நொடி குறைந்துவிடும். டாட்ஜ் 2023இல் டீமன் 170 காருக்கு அறிவித்த 1.66 நொடியும் அப்படிக் கழித்தது, அதுவும் டயர் வழுக்காமல் பிடிக்கப் பிசுபிசுப்பு ஏற்றிய ஓடுதளத்தில் எடுத்தது. அது பொய்யல்ல, ஆனால் சாதாரணச் சாலையில் எடுத்த நேரத்தோடு அதைச் சேர்த்து வைக்க முடியாது.

உண்மையிலேயே ஏமாற்றிய சோதனையும் உண்டு. 1964இல் ஓர் இதழின் சோதனையில் 4.6 நொடியில் 60 மைலைத் தொட்ட பான்டியாக் ஜிடிஓவில், வழக்கமான 389 கன அங்குல எஞ்சினுக்குப் பதிலாக அதைவிடப் பெரிய 421 கன அங்குல எஞ்சின் இருந்ததை பான்டியாக்கின் விளம்பரப் பொறுப்பாளராக இருந்த ஜிம் வாங்கர்ஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, உங்களிடம் உள்ள சோதனைகளில் எல்லைக்கோட்டு வேகத்தை முதலில் பாருங்கள். ஏறத்தாழ ஒரே எடையுள்ள இவ்விரு கார்களிலும் அது ஒன்றிரண்டு மைலுக்குள் இருந்து, நேரம் மட்டும் அரை நொடி விலகினால், அந்த அரை நொடியைப் பெரும்பாலும் முதல் 60 அடியில் காணலாம்.