வங்கி ஏலத்தில் பழைய காடி (கார்) எடுப்பது பாதுகாப்பா? எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, தவணை கட்டாததால் வங்கி இழுத்து வந்த மைவி ஒன்று ஏலத்துக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். ஏலத்தில் எடுத்த காடிகள் எங்களிடம் வந்துகொண்டே இருக்கும். தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஏலம் உங்கள் பேரில் விழுந்த பிறகு யாரிடமும் போய் முறையிட முடியாது. எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையிலேயே விற்பார்கள். வாரண்டி கிடையாது, ஓட்டிப் பார்க்கவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். பார்க்க வேண்டியதை எல்லாம் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

ஏலத்துக்கு முன் காடியைப் பார்க்க நாள் குறிப்பிட்டிருப்பார்கள். அன்றைக்குத் தனியாகப் போகாதீர்கள். தெரிந்த போர்மேன் (மெக்கானிக்) ஒருவரை, ஒரு நாள் கூலி கொடுத்தாவது கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்து, பிறகு கியர்பாக்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

நான் போனால் முதலில் சீட் பெல்ட்டைத்தான் பிடித்து இழுப்பேன். கடைசி வரைக்கும் இழுக்க வேண்டும். காடியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட் சுருண்டு கிடக்கும் உள்பகுதியைக் கழுவ மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கறை கோடு போல் தெரிந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காடி. அப்புறம் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் வீச்சம், விளக்குக்குள் நீராவி படிந்த தடம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனை காடிகள் மூழ்கின என்று நமக்கே தெரியும். தண்ணீர் புகுந்த வயரிங் இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிறுத்திவிடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

பிறகு பானெட்டைத் திறந்து எண்ணெய் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பாலாடை மாதிரி வெளுத்துப் படிந்திருந்தால் எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். பின்பக்கம் ஸ்பேர் டயரைத் தூக்கி, அந்தக் குழியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு காடிகளை வெட்டி ஒட்டிய வேலையாக இருந்தால் அங்கே தெரிய வாய்ப்பு அதிகம். சாசி எண், எஞ்சின் எண் இரண்டையும் கிராண்டில் (காடியின் பதிவு ஆவணத்தில்) இருப்பதோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பி5 (பெயர் மாற்றச்) சோதனை செய்யும்போது அந்த எண்கள் ஒத்துவராவிட்டால் காடி உங்கள் பேருக்கு மாறாது. பணம் மட்டும் போயிருக்கும்.

டயரில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். ஏல யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற காடிக்கு டயர், பேட்டரி, எண்ணெய் எல்லாம் புதிதாகப் போட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துச் செம்மண் பாதையில் ஓடிய காடி என்றால் அடியில் குனிந்து பார்க்காமல் வரவே கூடாது. லோவர் ஆர்ம் புஷ், அப்சார்பர் எல்லாம் போயிருக்கும். இது சரிசெய்யக்கூடிய செலவுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன். ஏலம் கூவுமுன் உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஏல விலையோடு ரிப்பேர், காடியை ஏற்றி வரும் டோ லோரி, இன்சூரன்ஸ், ரோட்டெக்ஸ் (சாலை வரி) எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை. ரோட்டெக்ஸும் இன்சூரன்ஸும் முடிந்த காடியை யார்டிலிருந்து ஓட்டி வர முடியாது, டோ செய்துதான் ஆகவேண்டும். 1.3 மைவிக்குத் தீபகற்பத்தில் ரோட்டெக்ஸ் 70 வெள்ளிதான், அது பெரிய காரியமில்லை. இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் தள்ளுபடி காடியோடு வராது. உங்கள் பேரில் வேறு காடியின் தள்ளுபடி எதுவும் இல்லையென்றால் முதல் வருடம் முழுத் தொகையைக் கட்ட வேண்டும். 25 விழுக்காடு தள்ளுபடி அடுத்த வருடம்தான்.

முன்பணத்தைப் பெரும்பாலும் பேங்க் டிராப்டாகக் கேட்பார்கள். ஏலம் எடுத்தபின் மீதியைக் கட்ட சில நாள்களே கொடுப்பார்கள், தவறினால் முன்பணம் போய்விடும். கடன் கிடைக்கும் என்று நம்பி ஏலம் கேட்காதீர்கள். கையில் முழுப்பணம் இருந்தால் மட்டும் கேளுங்கள். யாரும் எடுக்காத காடி அடுத்த ஏலத்துக்குப் பெரும்பாலும் குறைந்த விலையில்தான் வரும், அவசரப்படத் தேவையில்லை. போக்குவரத்து சம்மன் பாக்கி இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் ஏலம் நடத்துபவரிடம் கேட்டு, யார் கட்டுவது என்று நிபந்தனைத் தாளில் வாசித்துவிடுங்கள்.

பழைய உரிமையாளர் வந்து சண்டை போடுவாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1967 வாடகைக் கொள்முதல் சட்டப்படி, இழுப்பதற்கு முன் வங்கி 21 நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். இழுத்த பிறகும் இன்னொரு அறிவிப்பு கொடுத்து 21 நாள் கழிந்த பின்புதான் விற்கலாம், அதற்குள் அவர் பாக்கியைக் கட்டி மீட்டுக்கொள்ள வழி உண்டு. முறையான வங்கி ஏலத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கட்டம் முடிந்திருக்கும். இது தோட்டத்தில் தவணை கட்டச் சிரமப்படும் நம் ஆட்களுக்கும் தெரிய வேண்டிய சட்டம், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில், பேஸ்புக்கில் "லேலோங் (ஏலக்) காடி, முன்பணம் இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று தனிநபர் கணக்கு எண் வந்தால் ஒரு சென் கூடப் போடாதீர்கள். அந்த எண்ணை, மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். "சம்புங் பாயார்" என்று அடுத்தவர் தவணையைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாடும் வேண்டாம். காடி அவர் பேரிலேயே இருக்கும், நீங்கள் ஒழுங்காகக் கொடுத்த பணத்தை அவர் வங்கியில் கட்டாவிட்டால் உங்கள் வாசலிலிருந்து காடியை இழுத்துப் போவார்கள். ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள், பிறகு போலீஸில் புகார் கொடுங்கள்.