அறைக்குள் வைத்துச் சாப்பிடும் பார்சல்

கேள்வி: ஒரு வருட இளைஞர் தொண்டர் பணிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்திருக்கிறேன். தெஹிவளையில் ஒரே வீட்டில் எட்டுப் பெண்கள். மூன்று மாதமாகியும் ஒட்ட முடியவில்லை. இரவில் ஹோலில் சிங்களத்தில் சிரித்துப் பேசுவார்கள்; நான் போனால் பேச்சு நின்றுவிடும். சனிக்கிழமைகளில் அம்மா பஸ்ஸில் போட்டுவிடும் சாப்பாட்டை அறைக்குள் வைத்துச் சாப்பிடுவேன், அன்றைக்கு மட்டும் ஒரு நிம்மதி. விட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா?
– பெயர் வேண்டாம், தெஹிவளை

பதில்: சிங்களமும் சிரிப்பும் இருக்கட்டும் பிள்ளை. அந்தச் சனிக்கிழமைப் பார்சலைப் பற்றிப் பேசுவோம்.

வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில் ஏறும் சோறும் கறியும் வெள்ளவத்தைக்கு வந்து சேர விடிந்துவிடும். அந்த வெக்கையில் பால்கறி புளிக்கும். சோறு மணக்காவிட்டாலும் வயிற்றைக் கெடுக்கும். அது ஒரு பக்கம். அன்றைக்குச் சமைத்தவர்கள் ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி கணக்கில் எட்டுப் பேருக்கும் உலை வைத்திருப்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் கதவுக்குள்ளிருந்து 'எனக்கு வேண்டாம்' என்றிருப்பீர். பொதுக் காசில் வாங்கியது மிஞ்சிக் குப்பைக்குப் போகும், உமது அறையிலிருந்து மீன்குழம்பு மணக்கும். பேச்சு நிற்காமல் என்ன செய்யும்?

நாலு பேர் இருக்கும் வீட்டில் மறைத்துச் சாப்பிட அம்மா உம்மைப் பழக்கியிருக்க மாட்டா. வெள்ளி பின்னேரம் முழுக்க அடுப்படியில் நின்று சமைத்தவவின் சாப்பாட்டைக் களவெடுத்ததுபோலச் சாப்பிடுகிறீர். அம்மாவிலும் பிழை இருக்கிறது. வேலைக்கென்று அனுப்பிய பிள்ளைக்கு வாராவாரம் சோறு கட்டக்கூடாது.

இனிச் சமைத்தது வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரு கிலோ வறுத்த அரிசிமாவும் அவ இடித்த தூளும் போதும். மா வந்ததும் ஒரு சனிக்கிழமைச் சமையலைக் கேட்டு வாங்கும், சிங்களப் பிள்ளை ஒருத்தியையும் கூட நிற்கச் சொல்லும். ஒரு கிலோ மா, பிட்டுக்கு ஒரு தேங்காய், சம்பலுக்கு ஒன்று. உப்புப் போட்ட கொதிதண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும். கொஞ்சங் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, சுண்டு விளிம்பால் கொத்தும். பிடித்தால் பிடிபடவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். நீத்துப்பெட்டி இல்லாவிட்டால் இடியப்பத் தட்டில் அவியும். சம்பலில் மாசி வேண்டாம், மரக்கறிக்காரரும் சாப்பிடலாம். இறைச்சி இல்லாததால் ஹலால் கேள்வியும் வராது. தூள் போடமுன் பாதியை எடுத்து வையும், உங்கள் ஊர் உறைப்பு எல்லாருக்கும் தாங்காது. இரண்டு தேங்காய் துருவி முடியுமட்டும் இரண்டு பேர் வாய்மூடி நிற்க ஏலாது. உமது சிங்களம் பிழைத்தால் பிழைக்கட்டும், அவள் திருத்துவாள்.

வெளியில் சாப்பிடுகிற நாளென்றால் உலை வைக்கமுன் சொல்லும். காஸ் சிலிண்டர் மாற்றினால் உமது பங்கை அன்றைக்கே கொடும், கேட்க வைக்காதேயும்.

ஊருக்குப் போகக்கூடாது. ஒரு வருடம் என்று ஒத்துக்கொண்டு வந்தவர் மூன்றாம் மாதம் பெட்டி கட்டினால் உமது வேலை மற்ற ஏழு பேரின் தலையில்தான் விழும்.

அம்மாவுக்கு இன்றிரவே போன் எடும். வெள்ளிக்கிழமைக்கு மீன் வாங்கமுன் சொல்லவேண்டும்.