சயனைடு மலையைக் கரைத்தால் வேலை வருமா?

அன்புள்ள ஐயா,

தங்கவயலின் (கேஜிஎஃப்) சயனைடு மலைகளில், அதாவது பழைய சுரங்கக் கழிவு மண் மேடுகளில், மறுபடி தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்களிடம் இன்னமும் அதே பேச்சுதான். ஊருக்குத் தொழில் திரும்புமா? நிலைத்த வளர்ச்சிக் கொள்கை என்கிறார்களே, அதனால் சுரங்க ஊருக்கு என்ன லாபம்?

தே. செ., கிருஷ்ணராஜபுரம்

அன்புள்ள தே. செ.,

தங்கம் வரலாம். வேலை அந்த அளவுக்கு வராது. 13 மேடுகளில் கிடப்பது சுமார் 3.3 கோடி டன் கழிவு மண். டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. இத்தகைய மேட்டை வழக்கமாக உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கரைப்பார்கள். குழம்பைக் குழாயில் ஆலைக்குத் தள்ளி, சுண்ணாம்பு கலந்து, சயனைடில் ஊறவிட்டு, கரைந்த தங்கத்தைக் கரித்துகளில் ஏற்றுவார்கள். பம்பும் வால்வும் பார்க்கிற வேலை இது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஆயிரக்கணக்கானோர் பாறை உடைத்த காலத்தோடு ஒப்பிட முடியாது.

கோளாறு பெரும்பாலும் சுண்ணாம்பில்தான் வரும். பழைய மண்ணில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் உண்டு. காற்றும் மழையும் பட்டு அமிலமாகி, போட்ட சுண்ணாம்பைத் தின்றுவிடும். பிஎச் (அமில-கார அளவு) 10.5 வாக்கில் நிற்க வேண்டும். 9க்கு இறங்கினால் சயனைடு நச்சு வாயுவாகக் கிளம்பும்: மருந்தும் வீண், ஆளுக்கும் ஆபத்து. தண்ணீரும் லேசான விஷயமில்லை. ஒரு டன் மண்ணுக்கு ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர் வேண்டும். ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம், மீதி போனதுதான்.

டன்னில் அந்த ஒரு கிராமுக்கும் குறைவான தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சுவது அதே டன். அது கசியாத விரிப்புப் போட்ட தேக்கத்தில் போய்ப் படுக்குமா, மறுபடி காற்றில் பறக்கிற மேடாகுமா? ஊருக்கு லாபமா நஷ்டமா என்பது இதில்தான் இருக்கிறது.

கொள்கை விஷயத்தில் தங்கவயலுக்குப் பந்தி முடிந்த பிறகுதான் இலை போட்டார்கள். சுரங்கத்தைப் பூட்டியது 2001 பிப்ரவரி 28. மூடும் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் விதியில் ஏறியது 2003இல். அந்த உத்தரவாதம்கூட (பெரிய சுரங்கத்துக்கு இப்போது ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய்) நிலத்தைச் சீர்செய்யத்தான், வேலை போனவருக்கு அல்ல. சுரங்கப் பகுதி மக்களுக்காக 2015இல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் ராயல்டியை (எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் தொகை) ஒட்டி வருகிறது. ஓடாத சுரங்கத்தில் ராயல்டி ஏது?

சீனா 2013இல் கனிமம், காடு போன்ற வளத்தை நம்பிய தன் 262 நகரங்களை வளர்வது, முதிர்ந்தது, தேய்வது, மீண்டது என்று நான்காகப் பிரித்தது. தேய்வது 67, முதிர்ந்தது 141. என் கண் அந்த 141இல்தான். மாற்றுத் தொழிலைச் சுரங்கம் நன்றாக ஓடும் அந்த முதிர்ந்த கட்டத்திலேயே இறக்க வேண்டும். கஜானாவில் காசு இருக்கும், ஃபிட்டரும் வெல்டரும் ஊரைவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். சுரங்கம் ஓடும்போதே வந்த பெமல் (மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் அரசு நிறுவனம்) ஆலை தங்கவயலில் இன்றும் நிற்கிறது.

கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் போங்கள். தேக்கத்தின் அடியில் என்ன விரிப்பு, தண்ணீர் எங்கிருந்து, உள்ளூர் ஐடிஐ பிள்ளைகளில் எத்தனை பேரை எடுப்பார்கள் என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.