போர் தண்ணீரில் இருப்பது விஷ வாயுவா?

வணக்கம் சார்,

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர், பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஃபுளூரின் மஞ்சள் நிற விஷ வாயு, தொட்டதையெல்லாம் தாக்கும் என்கிறது புத்தகம். எங்கள் போர் தண்ணீரிலும் ஃபுளூரின் இருக்கிறதாம், பாட்டிக்குப் பல் காவியேறியது அதனால்தானாம். அப்படியென்றால் அதைக் குடித்து எப்படி உயிரோடு இருக்கிறோம்? வகுப்பில் கேட்டேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

*

அன்புள்ள தங்கைக்கு,

சிரித்தவர்களை விடு. தனிம அட்டவணையை இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியே இருக்காது.

ஃபுளூரினுக்கு 9 புரோட்டான், 9 எலக்ட்ரான்: உள்கூட்டில் 2, வெளிக்கூட்டில் 7. வெளிக்கூட்டில் எட்டு நிறைந்தால்தான் அணு அடங்கும், இதற்கு ஒன்று குறைகிறது. 17-ஆம் தொகுதியில் குளோரின், புரோமின், அயோடினுக்கும் இதே குறைதான், ஆனால் இதற்குக் கூடு இரண்டே இரண்டு என்பதால் கரு மிகப் பக்கத்திலிருந்து இழுக்கிறது. எலக்ட்ரான் கவர்தன்மையில் இதை மிஞ்ச அட்டவணையில் ஆளே இல்லை. இந்த வாயுவைத் தனியாகப் பிரிக்க 1886 வரை ஆனது. பிரித்த ஹென்றி முவாசானுக்கு 1906-இல் நோபல் கிடைத்தது, அவருக்கு முன் முயன்ற சிலருக்கு உயிரே போனது.

சரி, உங்கள் போருக்கு வருவோம். அந்த வாயு தண்ணீரில் அப்படியே இருக்க முடியாது, தண்ணீரையே தாக்கிவிடும். தர்மபுரிப் பாறைகளின் கனிமங்களில் இருக்கும் ஃபுளூரின் என்றைக்கோ ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு 2,8 ஆகி அடங்கிவிட்டது. கரைந்து வருவது அப்படி எலக்ட்ரான் வாங்கி எதிர்மின்சுமை ஏறிய அணு, அதாவது ஃபுளூரைடு அயனிதான். சோற்று உப்பில் குளோரின் இருந்தும் நமக்கு மூச்சுத் திணறாததும் இதே கணக்கில்தான். (2,8 என்பது நியானின் கணக்காயிற்றே, அப்படியென்றால் நியான் ஆகிவிட்டதா என்று அடுத்துக் கேட்பாய். இல்லை, புரோட்டான் 9-தானே? ஆள் யார் என்று சொல்வது புரோட்டான்.)

அதற்காக அயனி சாது என்று நினைத்துவிடாதே. பல்லிலும் எலும்பிலும் கால்சியத்தோடு ஹைட்ராக்சைடு இருக்கிறது. ஃபுளூரைடும் ஏறக்குறைய அதே அளவு, அதே எதிர்மின்சுமை, அதனால் போய் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் என்றால் பல்லுக்கு நல்லது, பேஸ்ட்டில் சேர்ப்பதே அதற்குத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் வருடக்கணக்காகக் குடித்தால் பாட்டியின் பல் மாதிரி ஆகிவிடலாம்.

அப்புறம், கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆவியாவது தண்ணீர்தான், அயனி பானையிலேயே கிடக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் துணி துவைக்கப் போதும்.